நர்ஸம்மா வந்திருக்காங்க!

"ஆயா, பயப்படாதீங்க. ஊசி போட வரலை. உங்க முதுகைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

கட்டிலில் படுத்திருந்த மூதாட்டி மெல்லத் தலையைத் திருப்பினார். "வா கண்ணு! நீ வந்தாத்தான் எனக்குப் பாதி நோவு கொறையுது" என்று சிரித்தார்.

ராசிபுரத்தில் ஒரு நெசவாளர் வீடு அது. பாட்டிக்கு வயது எழுபத்தாறு. பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து, பத்து மாதமாகப் படுக்கை. பக்கத்து அறையில் ஒரு தூளி. அதில் பிறந்து இருபத்தொரு நாளே ஆன குழந்தை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் பேத்தியின் மகன். இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே பம்பரமாய்ச் சுழன்று கொண்டிருந்தவர் பாட்டியின் மருமகள். நம்மைப் போல ஓர் இல்லத்தரசி.

அந்த ஒரே வாரத்தில் அந்த வீட்டுப் படியேறி இரண்டு நர்ஸ்கள் வந்து போனார்கள். குழந்தைக்காக வந்தவர் கிராம சுகாதார நர்ஸ். பாட்டிக்காக வந்தவர், படுத்த படுக்கையாய் இருப்பவர்களைக் கவனிக்கவே தனிப் பயிற்சி பெற்றவர். "நாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடின காலம் போய், ஆஸ்பத்திரி எங்க வீட்டுக்கு வருதுங்க" என்றார் மருமகள்.

நர்ஸ் என்றால் வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி, கையில் ஊசி என்ற சித்திரம்தான் நம்மில் பலர் மனத்தில் இன்னும் இருக்கிறது. தொப்பியைப் பல ஆஸ்பத்திரிகள் எப்போதோ கழற்றி வைத்துவிட்டன. மாறியது தொப்பி மட்டுமல்ல, வேலையே மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை நாம் தெரிந்துகொண்டால் நம் வீட்டுக்குத்தான் லாபம்.

ஒரே வீட்டில் மூன்று பிரசவங்கள்

முதலில் பாட்டியின் கதை.

"எனக்கெல்லாம் வீட்டுலதாங்க. மருத்துவச்சிக் கிழவி கருக்கருவாளால கொடியை அறுத்தா. சாணியும் சாம்பலும் கொழைச்சு வெச்சா. மொதல்ல பொறந்தது பொட்டப்புள்ள. எட்டாம் நாள் ஒடம்பு வில்லாட்டம் வெறைச்சு, பால் குடிக்க முடியாமப் போயிருச்சு. காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னாங்க."

காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. தொப்புள்கொடி வழியாக நுழைந்த டெட்டனஸ் கிருமி அது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, சுத்தமான கை, கொடியில் எதையும் தடவாமல் இருப்பது - இவ்வளவுதான் அதற்கு மருந்து. இவற்றை வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர்களில் முதலிடம் நர்ஸ்களுக்கே. பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் டெட்டனஸை ஒழித்துவிட்ட நாடாக இந்தியா 2015-ல் அறிவிக்கப்பட்டது.

அடுத்து மருமகளின் கதை. 1999-ல் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம். "எனிமா குடுத்தாங்க, சவரம் பண்ணினாங்க. அசையாம மல்லாந்து படுன்னாங்க. ஒரு வாய் தண்ணி தரலை. எங்கம்மாவை உள்ளே விடலை. கத்தினா அதட்டல்தான். குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் முகம் பார்த்தது சாயங்காலம்தாங்க."

அந்த நர்ஸ்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி.

இப்போது பேத்தியின் கதை. "அம்மா என்கூடவே பிரசவ அறையில இருந்தாங்க. நடக்கச் சொன்னாங்க, தண்ணி குடிக்கச் சொன்னாங்க. குழந்தை பிறந்ததும் துடைச்சு நேரா என் நெஞ்சு மேல போட்டாங்க. கொடியை உடனே வெட்டலை. கொஞ்ச நேரத்துல அதுவா பால் தேடிச்சு!"

பிரசவ வேதனையின்போது நம்பிக்கையான ஒரு பெண் துணைக்கு இருந்தால் பயம் குறைகிறது, பிரசவமும் சுலபமாகிறது என்பது பல நாடுகளில் நிரூபணமான விஷயம். வழக்கமாகச் செய்துவந்த சவரமும் எனிமாவும் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கொடியை ஒன்று முதல் மூன்று நிமிஷம் கழித்து வெட்டினால் நஞ்சிலிருந்து கூடுதல் இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. பின்னால் சோகை வராமல் காக்க அது உதவும். தாயின் தோலோடு தோல் சேர்ந்து கிடந்தால் குழந்தையின் உடல் சூடு குறைவதில்லை. எடை குறைந்த குழந்தைகளைக் கங்காரு மாதிரி மார்போடு அணைத்து வளர்க்கும் முறை கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 1970-களின் கடைசியில் தொடங்கியது. இன்கியுபேட்டர் போதாத குறைக்குக் கண்டுபிடித்த வழி, இன்று உலகம் முழுவதும் நடைமுறை! நம் ஊர் நர்ஸ்களும் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

"சீம்பாலைப் பீச்சிக் கீழே விட்ருவோம். கழுதைப் பால் சங்குல ஊத்துவோம். இவ ஒண்ணும் விடலை" என்று பாட்டி பேத்தியைக் காட்டிப் பொய்க் கோபம் காட்டினார். பேத்தி செய்ததே சரி, பாட்டியம்மா! சீம்பால்தான் குழந்தையின் முதல் தடுப்பு மருந்து.

நர்ஸுக்குப் புதிய பொறுப்பு

லண்டனில் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நம் சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-ல் நர்ஸிங் பள்ளி வந்தது. அதுவே 1946-ல் பட்டப் படிப்புத் தரும் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் நர்ஸிங் பட்டப் படிப்பு அந்த ஆண்டில்தான், வேலூரிலும் டில்லியிலும், ஆரம்பமாயிற்று.

இன்று இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்ஸி., அதற்கு மேல் எம்.எஸ்ஸி. என்று படிகள் இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டரோடு சேர்ந்து முடிவெடுக்கும் அளவுக்குப் பயிற்சி தரும் மேற்படிப்பை இந்திய நர்ஸிங் கவுன்சில் 2016-ல் கொண்டுவந்தது. பிரசவம் பார்ப்பதில் தேர்ந்த நர்ஸ்களை உருவாக்க மத்திய அரசு 2018-ல் வழிமுறை வகுத்தது.

இதற்கு என்ன அவசியம் என்கிறீர்களா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். பெருமைப்பட வேண்டியதே. ஆனால் அதே ஆய்வு, நூற்றில் 45 பிரசவங்கள் சிஸேரியன் என்றும் சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் 36, தனியாரில் 64! தாயையோ சேயையோ காப்பாற்ற அறுவை தேவைப்படும் நேரம் உண்டு. அப்போது தயங்கவே கூடாது. ஆனால் இத்தனை பேருக்குமா? பொறுமையாகப் பக்கத்திலிருந்து, வலியின் போக்கை மணிக்கு மணி வரைபடத் தாளில் குறித்து, இயல்பாக நடப்பதை நடக்கவிட்டு, சிக்கல் தெரிந்ததும் டாக்டரை அழைக்கத் தெரிந்த நர்ஸ் இருந்தால், தேவையில்லாத கத்தி குறையும் என்பதே எதிர்பார்ப்பு.

வீடே வார்டாகும்போது

வீடு தேடி வரும் நர்ஸ் இந்தப் பக்கத்துக்குப் புதியவர் அல்ல. 1980-களில் டென்மார்க் அரசின் 'டானிடா' உதவியோடு, அப்போதைய சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் கிராமத் துணை மையங்கள் கட்டப்பட்டன, நர்ஸ்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. அந்த நாளில் ராசிபுரமும் சேலம் மாவட்டந்தான். நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997-ல். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை மையம், மலைப் பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அதிலும் போதமலை மாதிரி, நெடுங்காலம் சாலையே இல்லாமல் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்த ஊர்களுக்கு நடந்தே போக வேண்டியிருந்தது.

அன்று நர்ஸ் வந்தது கர்ப்பிணிக்கும் குழந்தைக்குமாக. இன்று கிழவர், கிழவிகளுக்காகவும் வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண நர்ஸும், கை கால் பயிற்சி தர இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். 2024-ல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது.

அன்று அந்த நர்ஸ் பாட்டியின் முதுகை மட்டுமா பார்த்தார்? புட்ட எலும்பு, இடுப்பு, குதிகால் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்தார். மருமகளின் கையைப் பிடித்து, புரட்டுவது எப்படி என்று செய்து காட்டினார். அவர் சொன்னவற்றை உங்களுக்காகக் குறித்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை இடம், வலம் என்று மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது, விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும். தோல் சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் இரத்தம் ஓடும் என்று நாம் நினைக்கிறோம், உள்ளே தசை நசுங்கிவிடுகிறது. பவுடர் கொட்டுவதும் ஸ்பிரிட் தடவுவதும் வேண்டாம். ஈரம் பட்டதும் துடைத்துக் காயவிட்டால் போதும். சாப்பாடு கொடுக்கும்போது முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்த வேண்டும். சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மூத்திரப் பை கட்டியிருந்தால் அது இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. முட்டை, பருப்பு, பயறு என்று புரதம் நிறையக் கொடுத்தால்தான் புண் ஆறும்.

"முதல் மாசம் இதெல்லாம் தெரியாம ஒரு ரூபா அகலத்துக்குப் புண் வந்துட்டுதுங்க. அழுதேன். இந்தப் பொண்ணு வந்துதான் ஆத்திக் குடுத்துச்சு" என்றார் மருமகள். நர்ஸ் உடனே மறுத்தார். "நான் வாரத்துல அரை மணி நேரம் வர்றேன். மத்த நேரமெல்லாம் நர்ஸ் நீங்கதானேக்கா!"

புதிய நர்ஸிங்கின் முக்கியமான பாடம் இதுதான். நோயாளிக்குச் செய்வது பாதி வேலை. வீட்டில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுப்பது மீதிப் பாதி.

ராசிபுரம் பட்ட வடு

காபி வந்தது. பாட்டி திடீரென்று ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பொண்ணு தங்கம். ஆனா அன்னிக்குப் புள்ளைங்களை வித்தாங்கன்னு டி.வி.யில போட்டானே, அந்தம்மாவும் நர்ஸுதானே?"

வீடே ஒரு கணம் அமைதியாகிவிட்டது.

இந்த ஊரைப் பற்றி எழுதிவிட்டு அதை மறைப்பது நியாயமல்ல. 2019 ஏப்ரலில், குழந்தைக்கு விலை பேசும் ஒரு பெண் குரல் ஒலிப்பதிவாகப் பரவியது. ராசிபுரத்தில் வசித்த, முன்பு உதவி நர்ஸாக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற ஒருவர் கைதானார். வேறு சிலரும் பிடிபட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. ராசிபுரம், கொல்லிமலைப் பகுதிகளின் பிறப்புச் சான்றிதழ்களை அதிகாரிகள் துருவினார்கள். பெண் குழந்தை வேண்டாம் என்ற கொடுமைக்காக 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்ட அதே பழைய சேலம் மாவட்டத்தின் பகுதி இது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நர்ஸ் முகம் வாடிவிட்டது. "அந்த வாரம் நாங்க யாரும் தெருவுல தலை நிமிர்ந்து நடக்கலை, ஆயா. குழந்தையைத் தூக்கினாலே பெத்தவங்க கையை நீட்டிக்கிட்டு நின்னாங்க" என்றார் மெதுவாக.

மருமகள்தான் பேசினார். "நர்ஸம்மா சொன்னா சரின்னு எதையும் கேக்காமயே இருந்துட்டோம். இப்ப நானும் நம்பறேன். ஆனா கேள்வியும் கேக்கறேன். கேட்டா இவங்க கோவிச்சுக்கறதில்லை."

எவ்வளவு சரியான வார்த்தை! முன்பு ஒரு பெண்மணியின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருந்தோம். இன்று எழுத்தும் கணக்கும் துணைக்கு வந்திருக்கின்றன. கருத்தரித்ததும் பதிவு செய்து கொடுக்கும் பன்னிரண்டு இலக்க எண், கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி எல்லாவற்றையும் ஒரே கோவையில் கட்டுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்தால் கட்டணம் கிடையாது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆஸ்பத்திரி ஊழியரே செய்தால் குறைந்தது மூன்று, அதிகம் ஏழு ஆண்டு. தத்து எடுக்க ஏங்கும் சகோதரிகள் மத்திய தத்துவள ஆணையத்தில் பதிவு செய்வது நேர்வழி. "எனக்குத் தெரிந்த நர்ஸ் இருக்கிறார்" என்று யாராவது காதில் ஓதினால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

நர்ஸிங் தொழிலுக்கே 2023-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 1947-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, பதிவு பெற்ற நர்ஸ்களின் பட்டியலை இணையத்தில் வைக்க வகை செய்கிறது. போலிகளை இனம் காண அது உதவ வேண்டும்.

அவர்கள் பக்கத்தையும் பார்ப்போம்

குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதார நர்ஸ், எடை பார்த்து, தொப்புளைப் பார்த்து, தாயின் மார்பையும் தையலையும் விசாரித்துவிட்டு, நோட்டில் எழுதினார். பிறகு செல்போனில் மறுபடியும் அதையே பதிந்தார். "குழந்தையைப் பார்க்கறது பத்து நிமிஷம், கணக்கு எழுதறது இருபது நிமிஷம்" என்று சிரித்தார். சிரிப்பில் அலுப்பு தெரிந்தது.

தனியார் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களின் சம்பளம் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அதன்பின் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதை எட்டாத இடங்கள் இன்னும் உண்டு. அரசுப் பணியிலும் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து போராடியவர்கள் பலர். உலகில் 2023-ல் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள் இருந்தும், இன்னும் 58 லட்சம் பேர் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் வளைகுடா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று நம் பெண்கள் விமானம் ஏறுகிறார்கள். ஜெர்மன் மொழி படிக்கும் நர்ஸ்களை இன்று நம் ஊர்களிலும் பார்க்கலாம். போகிறவர்களைத் தப்பு சொல்ல முடியுமா? இங்கேயே இருக்கத் தோன்றும்படி நடத்துவது நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த நர்ஸுக்கு ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் மோர், கை கழுவச் சோப்பு, துண்டு - இது பெரிய செலவா?

அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்ள

* பச்சிளங்குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் வந்து பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் கணக்கு. யாரும் வரவில்லையானால் துணை மையத்தில் கேளுங்கள்.

* ஊசியோ மருந்தோ தரும்போது, "இது என்ன? எதற்கு?" என்று கேளுங்கள். உறையைக் கண்முன் பிரிக்கச் சொல்வதில் தப்பில்லை.

* தொடும்முன் கை கழுவினார்களா என்று பாருங்கள். நீங்களும் கழுவுங்கள்.

* குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், வெட்டி இழுத்தால், உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

* பிரசவமான தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுவதும் நனையும்படி இரத்தம் போனால், கடுமையான தலைவலியோடு கண் மங்கினால், காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், உடனே 108.

* தாய் சேய் அட்டையையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள்.

நான் கிளம்பும் நேரம். பேத்தி குழந்தையை எடுத்துவந்து பாட்டியின் இடது கைப் பக்கம் படுக்க வைத்தாள். எட்டாம் நாளில் தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்தவர், அசையும் அந்த ஒரு கையால் கொள்ளுப் பேரனின் வயிற்றைத் தடவினார். காய்ந்து விழுந்த தொப்புள் சுத்தமாக இருந்தது.

"சாணியும் வெக்கலை, சாம்பலும் வெக்கலை. எப்படி ஆறியிருக்கு பாரு!" என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு வாசல் பக்கம் பார்த்து மருமகளிடம் சொன்னார்: "அந்த நர்ஸுப் பொண்ணு இந்நேரம் சாப்பிட்டிருக்குமோ என்னமோ. அடுத்த வாரம் வந்தா ரெண்டு இட்லி வெச்சுக் குடு, கண்ணு."